மடியே முதல் மதரஸா

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி மகளிர் பிரிவு நடத்திய குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



 



குழந்தையின் ஆரம்பகால வளர்ச்சியில் தாயின் மனப்பான்மையும் நடத்தையும் என்ற தலைப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் 31 ஆண்டுகள் இங்கே சிங்கப்பூரில் பாலர் பள்ளி ஆசிரியையாக வேலை செய்தவள். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். இப்போது ஐந்து பேரப்பிள்ளைகளுக்கு நன்னி. இந்த மூன்று இடத்திலிருந்தும் நான் பார்த்ததையும், படித்ததையும், தவறு செய்து கற்றுக்கொண்டதையும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

தாயின் மடியே முதல் மதரஸா என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். இந்தச் சங்கத்தின் மேடையிலும் இந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் அப்படிச் சொன்ன கையோடு நாம் தாய்க்குப் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறோம். இப்படி இரு, அப்படி இராதே, உன்னால்தான் பிள்ளை கெட்டது என்று. மதரஸாவைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அந்த மதரஸாவின் ஆசிரியை சாப்பிட்டாளா, தூங்கினாளா, மனம் நிம்மதியாக இருக்கிறாளா என்று எத்தனை முறை விசாரித்திருக்கிறோம்? இந்தக் கேள்வியை இப்போது வைத்துவிட்டுப் போகிறேன். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

முதல் பாடம் குரல்

நம் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் காதில் பாங்கு சொல்கிறோம். பச்சைப் பிள்ளைக்கு என்ன கேட்கும் என்று சிலர் நினைக்கலாம். நன்றாகவே கேட்கும். வயிற்றுக்குள் இருக்கும்போதே ஆறாவது மாதவாக்கில் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. அப்போதிருந்து அது அதிகமாகக் கேட்பது தாயின் குரலைத்தான்.

1980இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பியை வைத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் கேட்கும்; வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் கேட்கும். அந்தப் பச்சைப் பிள்ளைகள் தாயின் குரல் கேட்கும் விதமாகவே தங்கள் சப்புதலை மாற்றிக்கொண்டன. பால் கிடைக்கவில்லை, வேறு எந்தப் பரிசும் இல்லை. குரலுக்காக மட்டும் அப்படிச் செய்தன.

பிறக்கும்போது இருந்த மூளையின் அளவு முதல் ஓராண்டுக்குள்ளேயே ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வாழ்நாளில் வேறு எந்த ஆண்டிலும் அப்படி வளர்வதில்லை. அந்த வளர்ச்சிக்குத் தாய்ப்பால் வேண்டும், தூக்கம் வேண்டும். அதோடு இன்னொன்றும் வேண்டும். பிள்ளை ஒன்று செய்தால் பதிலுக்கு நாம் ஒன்று செய்வது. அது "ங்கா" என்றால் நாமும் "ங்கா" என்கிறோம். அது விளக்கைப் பார்த்தால், "விளக்கா பார்க்குறீங்க? பளிச்சுன்னு இருக்கா?" என்று கேட்கிறோம். பந்து வீசுவதும் திருப்பி வீசுவதும் மாதிரி. ஒவ்வொரு முறை நாம் பதில் கொடுக்கும்போதும், நான் கூப்பிட்டால் ஆள் வரும், நான் பேசினால் கேட்பார்கள் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. பிற்காலத்தில் வகுப்பில் கையை உயர்த்திக் கேள்வி கேட்கும் துணிவு அங்கேதான் தொடங்குகிறது. முதல் நாள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அசையாத முகம்

1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் ஒரு சோதனை செய்தார். ஒரு தாய் தன் கைக்குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லிவைத்தபடி, சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்கிறாள். திட்டவில்லை, அடிக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. எதிரேதான் இருக்கிறாள். முகத்தில் மட்டும் எதுவும் இல்லை.

பிள்ளைக்குச் சில விநாடிகளிலேயே தெரிந்துவிடுகிறது. முதலில் சிரித்துப் பார்க்கிறது. கையை நீட்டுகிறது. சத்தம் போடுகிறது. அதற்கும் பதில் இல்லை என்றதும் உடம்பு சோர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, அல்லது அழத் தொடங்குகிறது. அம்மா மறுபடி சிரித்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் பாலர் பள்ளியில் வீட்டு விளையாட்டு மூலை ஒன்று உண்டு. சின்ன அடுப்பு, சின்ன தொட்டில், ஒரு பொம்மைத் தொலைபேசி எல்லாம் இருக்கும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, தொலைபேசியில் விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். பொம்மை அழுகிறது போலிருக்கிறது. அதைப் பார்க்காமலே, "ஒரு நிமிஷம்மா, அம்மா பிஸி" என்றாள். பிள்ளைகள் பொய்யாக விளையாடுவதில்லை. வீட்டில் கண்டதைத்தான் விளையாடுகிறார்கள்.

கைத்தொலைபேசி இல்லாமல் இன்றைக்கு யாரும் வாழ முடியாது. நானும் வைத்திருக்கிறேன், எனக்கும் குடும்பக் குழுவில் வரும் செய்திகளைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஆனால் பால் கொடுக்கும்போதும், குளிப்பாட்டும்போதும், சோறு ஊட்டும்போதும் அதை வேறு அறையில் வைத்துவிடலாம். ஒரு நாளில் அந்த நேரங்களைக் கூட்டினாலே பிள்ளைக்குப் போதுமான முகம் கிடைத்துவிடும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். அதே டிரானிக், நல்ல தாயும் பிள்ளையும்கூட எல்லா நேரமும் ஒருவருக்கொருவர் இசைந்து போவதில்லை என்றும் கண்டார். ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு நேரம்தான் இருவரும் ஒத்துப்போகிறார்களாம். மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும், பிறகு சரிசெய்துகொள்வதும்தான். அந்தச் சரிசெய்துகொள்வதில்தான் பிள்ளை நம்பிக்கை கற்கிறது. ஆகவே ஒரு நாள் கத்திவிட்டோமே, ஒரு நாள் கவனிக்காமல் விட்டோமே என்று இரவெல்லாம் அழவேண்டாம். காலையில் தூக்கி அணைத்து, "நேத்து அம்மா கத்திட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கும் அது புரியும்.

பட்டும் பத்தும்

அடுத்து நம் மொழியைப் பற்றி. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர்தான். நம் சங்கக் குடும்பங்களிலும், நன்னியும் நன்னாவும் தமிழில் பேச, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வது சாதாரணமாகிவிட்டது. தொடக்கப்பள்ளி முதல் வகுப்பில் பிள்ளை பின்தங்கிவிடக்கூடாதே என்ற பயத்தில் தாய்மார்கள் கைக்குழந்தையிடமே ஆங்கிலம் பேசுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிறந்தது முதல் இரண்டு மொழி கேட்கும் பிள்ளை குழம்பிப்போவதில்லை. இரண்டையும் கற்றுக்கொள்கிறது.

கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்பவர் செய்த ஓர் ஆய்வு 1984இல் வெளிவந்தது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் குழந்தைகளுக்கு இந்தியிலுள்ள இரண்டு ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார்கள். ஒன்று நம் 'ட' போன்றது, இன்னொன்று நம் 'த' போன்றது. ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு கிடையாது. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலோருக்கு அந்த வேறுபாடு தெரிந்தது. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலோருக்குத் தெரியாமல் போய்விட்டது. கேட்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது.

இதில் நமக்கு என்ன என்றால், 'பட்டு' என்பதும் 'பத்து' என்பதும் இரண்டு வேறு சொற்கள் என்பதைப் பிள்ளையின் காது முதல் பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொண்டிருக்கிறது. பிறகு கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை. கற்கலாம், ஆனால் பாடுபட வேண்டும். தாயின் மடியில் இருந்தால் பாடுபடாமலே வந்துவிடும்.

சரி, தமிழ்ப் பாட்டுக் காணொளிகளை ஐபேடில் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆயிற்றே என்று கேட்பார்கள். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் என்பவரின் குழு, 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தது. ஒரு குழுவோடு சீனம் பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து பன்னிரண்டு முறை விளையாடிப் பேசினார்கள். இன்னொரு குழு அதே ஆட்களைத் திரையில் பார்த்தது. நேரில் பேசக் கேட்ட பிள்ளைகள் சீன ஒலியைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. திரையில் பார்த்த பிள்ளைகள் எதையும் கற்கவில்லை.

நம் நாட்டிலேயே 'கஸ்டோ' என்ற பேராய்வு 2009 முதல் நடந்துவருகிறது. இங்குள்ள சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைக் கர்ப்ப காலத்திலிருந்தே சேர்த்துக்கொண்டு, அவர்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த பிள்ளைகளுக்கு ஒன்பது வயதில் கவனத்தைக் குவிப்பதிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் சிரமம் கூடுதலாக இருப்பதோடு அதற்குத் தொடர்பு காணப்படுகிறது என்று 2023இல் வெளியிட்டார்கள். திரை ஒன்றே காரணம் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனாலும் சுகாதார அமைச்சு பதினெட்டு மாதத்துக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் திரையே வேண்டாம் என்கிறது. ஊரிலிருக்கும் நன்னியோடு காணொளியில் பேசுவது மட்டும் விதிவிலக்கு.

அதனால் வீட்டிலிருக்கும் பெரியவர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று கூச்சப்படாதீர்கள். இடியப்பம் பிழியும்போது பக்கத்தில் உட்காரவைத்து, "மாவு பாரு, தேங்காய்ப்பால் பாரு" என்று பேசிக்கொண்டிருங்கள். ஐபேடால் தரமுடியாததை நீங்கள் தருகிறீர்கள்.

பேரீச்சம்பழம் கொடுத்த தாய்

பிள்ளை நாம் சொல்வதைவிட நாம் நடப்பதைப் பார்த்துக் கற்கிறது. இதை நம் மார்க்கம் மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது நடந்ததை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டில் அமர்ந்திருந்தார்கள். தாய் தன் மகனை, இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். நீ எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னார்கள்.

பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் சின்னப் பொய்யைக்கூட எண்ணிக்கையில் சேர்த்தார்கள். நாம் ஒரு நாளில் எத்தனை சொல்கிறோம்? "சாப்பிட்டா விளையாட்டுத் திடலுக்குப் போகலாம்." போவதில்லை. "அழுதா போலீஸ்காரரைக் கூப்பிடுவேன்." கூப்பிடுவதில்லை. "ஊசி வலிக்கவே வலிக்காது." வலிக்கிறது. மூன்று வயதுக்குள் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது, அம்மாவின் சொல்லுக்கு மதிப்பில்லை என்று. பிறகு பதின்மூன்று வயதில் என் பேச்சைக் கேட்பதில்லை என்று என்னிடம் வந்து வருந்துகிறார்கள். ஊசி போடப் போகும்போது, "கொஞ்சம் வலிக்கும், அம்மா கையைப் பிடிச்சிக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அழத்தான் செய்யும். ஆனால் அடுத்த முறையும் உங்கள் கையைப் பிடிக்க வரும்.

புகழ்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை வரையவே மாட்டாள். தாளைக் கொடுத்தால் கவிழ்த்து வைத்துவிடுவாள். கேட்டால், "அக்காதான் அழகா வரைவா" என்பாள். வீட்டில் யாரும் இவளைத் திட்டவில்லை. அக்காவை மட்டும் ஓயாமல் புகழ்ந்தார்கள், அவ்வளவுதான். நான் அந்தத் தாயிடம், படம் அழகாக இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, "இந்த நீலத்தை எப்படிக் கலந்தே? எவ்வளவு நேரம் பண்ணினே!" என்று செய்ததைப் பற்றிப் பேசச் சொன்னேன். சிகாகோவில் 2013இல் வெளியான ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் தங்கள் முயற்சிக்காகப் பாராட்டுப் பெற்ற பிள்ளைகள், ஏழெட்டு வயதில் கடினமான வேலையைக் கண்டு ஒதுங்காமல் முயன்று பார்க்கும் மனநிலையோடு இருந்தார்களாம். அந்தப் பிள்ளை இரண்டாம் தவணையில் ஒரு மீன் வரைந்தாள். வால் தலையை விடப் பெரியது. அது சுவரில் ஆண்டு முடியும்வரை இருந்தது.

அன்பை வெளியே காட்டினால் பிள்ளை கெட்டுவிடும் என்று நம்மில் சிலர் இன்னும் நினைக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் பேரர் ஹசன் (ரலி) அவர்களை முத்தமிட்டபோது அக்ரஃ இப்னு ஹாபிஸ் என்பவர், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரைக்கூட முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். இது நமக்கெல்லாம் தெரிந்த ஹதீஸ். தந்தைமார்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இது ஓர் ஆணுக்குச் சொல்லப்பட்டது.

வேலைக்குப் போகும் தாய்

இங்கே பலர் வேலைக்குப் போகிறவர்கள். நான்கு மாதத்தில் பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு, எம்ஆர்டியில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவர்கள் இருக்கிறீர்கள். நானும் அப்படிப் போனவள்தான். என் மகனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போனேன்.

1991இல் அமெரிக்காவில் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனிக்கத் தொடங்கினார்கள். வீட்டில் வளர்ந்தவர்கள், நிலையத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரையும் ஒப்பிட்டார்கள். நிலையம் தரமாக இருக்கவேண்டியது அவசியம்தான். ஆனால் அதைவிடப் பிள்ளையின் வளர்ச்சியோடு அதிகத் தொடர்புடையதாக இருந்தது குடும்பமும், தாய் பிள்ளையிடம் எவ்வளவு பரிவோடு நடந்துகொள்கிறாள் என்பதும்தான். ஆகவே எத்தனை மணி நேரம் வீட்டில் இருக்கிறீர்கள் என்று எண்ணி எண்ணி நொந்துபோகாதீர்கள். மாலையில் கதவைத் திறந்ததும் பையை வைத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் தரையில் உட்காருங்கள். சமையல் பத்து நிமிடம் தாமதமானால் குடிமுழுகிப் போகாது.

நான் செய்த தவறு

தொடக்கத்தில் ஒரு கேள்வி வைத்தேன். ஆசிரியை எப்படி இருக்கிறாள் என்று. இப்போது சொல்லப்போவதை என் மருமகளிடம் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். அவளும் இந்த அரங்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

என் முதல் பேரப்பிள்ளை பிறந்தபோது, அவளுடைய அம்மா ஊரில் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தார்கள். வர முடியவில்லை. ஆகவே பிள்ளை பெற்ற வீடு எங்கள் வீடுதான். பத்தியம், காயம், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஒன்றும் குறையில்லாமல் செய்தேன். ஏழாம் நாள் அகீகாவுக்கு வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள், மாஷா அல்லாஹ் என்றார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரத்திலிருந்து அவள் பேச்சைக் குறைத்தாள். பிள்ளை அழும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எடுத்துப் பால் கொடுப்பாள், ஆனால் முகத்தைப் பார்க்கமாட்டாள். நான் மேலே சொன்னேனே அசையாத முகம், அது என் வீட்டிலேயே இருந்தது. முப்பது ஆண்டு பிள்ளைகளோடு வேலை செய்தவள், அசையாத முகத்தைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியவள், நான் சொன்னது என்ன தெரியுமா? "நாங்கள்லாம் மூணு பெறலையா? இதைப் போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு. ரெண்டு ரகஅத் தொழு, எல்லாம் சரியாப் போயிடும்." தொழச் சொன்னது தவறில்லை. அவள் பேச வந்த வாயை அடைப்பதற்காகத் தொழுகையைச் சொன்னேனே, அதுதான் தவறு.

பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு தாதி அவளிடம் பத்துக் கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். 1987இல் ஸ்காட்லாந்தில் உருவாக்கப்பட்ட, உலகமெங்கும் பயன்படும் கேள்வித்தாள் அது. கடந்த ஏழு நாளில் உங்களால் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா, உங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது போன்ற கேள்விகள். தாதி தாளைப் பார்த்துவிட்டு, அவளை வெளியே அனுப்பவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார்கள். பல மாதம் சிகிச்சையும் ஆலோசனையும் நடந்தன. அல்ஹம்துலில்லாஹ், நலமானாள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் பிள்ளை பெற்ற பெண்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் மனநலச் சிக்கலுக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள். இந்த அரங்கத்தில் எத்தனை தாய்மார்கள் இருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இது ஈமான் குறைவல்ல, சோம்பலல்ல, பிள்ளைமேல் பாசமில்லாததும் அல்ல. சிகிச்சை உள்ள ஒரு நோய். கவனிக்காமல் விட்டால் தாயோடு பிள்ளையின் வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

திருக்குர்ஆனை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். இதற்குப் பிறகுதான் சூரா மர்யமின் ஓர் இடம் எனக்கு வேறுவிதமாகப் புரிந்தது. பிரசவ வேதனையில் மர்யம் (அலை) அவர்கள், இதற்கு முன்பே நான் இறந்திருக்கக்கூடாதா என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்காக அவர்களை யாரும் கண்டிக்கவில்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் வருகிறது. காலடியில் நீரோடை, கைக்கெட்டும் பேரீச்சம்பழம், உண்டு பருகிக் கண்குளிர்ந்திருக்கும்படி சொல்லப்படுகிறது. மக்களிடம் இன்று பேச வேண்டியதில்லை என்றும் சொல்லப்படுகிறது. உணவு, தண்ணீர், ஆறுதல், வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டிய கடமையிலிருந்து விடுதலை. பிள்ளை பெற்றவளுக்கு என்ன வேண்டும் என்று அல்லாஹ் காட்டிவிட்டான். நான் அகீகாவுக்கு இருநூறு பேரை அழைத்து, அவளை நாள் முழுவதும் பட்டுச் சேலையில் உட்காரவைத்தேன்.

மூஸா (அலை) அவர்களின் தாயின் உள்ளம் வெறுமையாகிவிட்டதையும், அல்லாஹ் அதைப் பலப்படுத்தியதையும் சூரா கஸஸில் காண்கிறோம். பிள்ளை அழும் சத்தம் கேட்டால், அந்தத் தாயின் மனம் படும் பாட்டை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கிக்கொண்டார்கள். ஒரு தாயின் மனம் அவ்வளவு பெரிதாக மதிக்கப்பட்ட மார்க்கம் நம்முடையது.

அவள் தேறிய பிறகு ஒரு நாள் நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "மாமி, நீங்க ஒண்ணும் பெரிசா செய்யவேணாம். அன்னைக்கு 'நான் பிள்ளையைப் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் போதும்."

இரண்டாவது பிள்ளைக்கு அதைத்தான் செய்தோம். விருந்தைச் சிறிதாக்கினோம். இரவில் ஒரு முறை பிள்ளைக்குத் துணி மாற்றி உறங்கவைப்பது மகனின் பொறுப்பு. அதிகாலை சுப்ஹுக்குப் பிறகு மூன்று மணி நேரம் பிள்ளை என் மடியில். அந்த மூன்று மணி நேரமும் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். தூங்கி எழுந்து வந்து பிள்ளையைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பை, நான் சொன்ன எந்த ஆய்வும் எனக்குப் புரியவைத்திருக்க முடியாது.

நாம் செய்யக்கூடியது

பேச்சை முடிக்கும் முன் சில வேண்டுகோள்கள்.

கணவன்மார்களே, 2025 ஏப்ரல் முதல் பிறக்கும் பிள்ளைகளின் தந்தையருக்கு இங்கே சம்பளத்துடன் நான்கு வாரம் விடுப்பு உண்டு. அது ஓய்வெடுக்கத் தந்ததல்ல. மனைவி தூங்குவதற்குத் தந்தது.

மாமியார்மார்களே, மருமகள் இரண்டு வாரத்துக்கு மேலாகச் சிரிப்பின்றி, பசியின்றி, பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கமின்றி இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஊராருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்காதீர்கள். நான் இந்த மேடையில் சொல்லியதால் இனி ஊராருக்கே தெரியும். வீட்டுக்கு வீடு வாசற்படிதான்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் குடும்பங்களில் பிள்ளை பிறந்தால் பழக்கூடையும் பரிசும் கொண்டுபோகிறோம். நல்ல வழக்கம். அதோடு மகளிர் பிரிவில் முறைபோட்டுக்கொண்டு, முதல் நாற்பது நாளில் வாரம் இருமுறை ஒருவர் ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய், இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, தாயைத் தூங்கவைத்துவிட்டு வரலாம். புதிதாக ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து, இங்கே யாரையும் தெரியாமல் ஒரு வீவக வீட்டின் பன்னிரண்டாவது மாடியில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்களிடம் முதலில் போகவேண்டும். பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமும் இருக்கிறது, மடியும் இருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள், ஊரைவிட்டு வந்த இடத்தில் நம்மவர் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவேண்டும் என்றுதான் தொடங்கினார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் அந்தத் துணை மிகவும் தேவை.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக. எங்கள் தாய்மார்களுக்கு உடல் நலத்தையும் மன நிம்மதியையும் தருவாயாக. அவர்களின் துன்பத்தைக் கண்டும் காணாமல் போனதற்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன்.